எந்த மாதத்து நான்

இம்தியாஸ் அண்ணன் கடையில்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு ஆள் ஒடுங்கி உட்காரலாம்.
பேப்பர் மில்ஸ் ரோட்டுத் தண்ணீர்
வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது.

பெயர்: த. நிவேதிகா.
பிறந்த தேதி.
இரண்டு காதும் தெரிகிற புகைப்படம்,
மூன்று தடவை முடியை ஒதுக்கி எடுத்தது.
அதுவரை கேள்விகள் எளிது.
பிறகு இரண்டு கட்டங்கள்:
ஜனவரி.
ஏப்ரல்.

"ரெண்டையும் தட்டு பாப்பா.
ஜனவரி சும்மா வெள்ளோட்டம்" என்றார் அண்ணன்.
கோச்சிங் சாரும் அதே வார்த்தைதான் சொன்னார்.
ஷெரின் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே
வாரம் ஒரு வெள்ளோட்டம் விடுகிறாள்,
அண்ணா நகரில், ஏ.சி. அறையில்.
வெள்ளோட்டத்துக்கு முதலில் தேர் வேண்டும்.
என்னிடம் மூன்று சக்கரம் இருக்கிறது,
வடம் இருக்கிறது.
மிச்சம் இன்னும் நோட்டில் ஏறவில்லை.

மழைக்கு ஒன்பது நாள் விடுமுறை.
தண்ணீர் வடிந்தபின்
பெஞ்சு காய இரண்டு நாள்.
அமலோற்பவம் மிஸ்
ஈர டெஸ்டரால் போர்டைத் துடைத்தபடி சொன்னார்:
"மின்காந்தத் தூண்டல் பொங்கலுக்கு அப்புறம்தான்.
அவசரப்படாதீங்க. அவசரப்பட்டாலும் என்கிட்ட சொல்லாதீங்க."
வினாத்தாளுக்கு இதெல்லாம் தெரியாது.
அதை
எங்கோ நன்றாக வெயிலடிக்கிற ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

எந்த என்னை அனுப்புவது?
ஜனவரிக்காரி
பாதிப் பாடம் படித்தவள், ஆனால் தூங்கியவள்.
ஏப்ரல்காரி
முழுதும் முடித்திருப்பாள்,
பொதுத்தேர்வு அவளை முடித்திருக்கும்.
அம்மை போட்டாலும் போடலாம்,
எங்கள் தெருவில் கோடைக்கு இரண்டு வீடாவது வேப்பிலை கட்டும்.
இருவரையும் அனுப்பலாம்தான்.
இரண்டாம் கட்டத்தைத் தொட்டதும்
கீழே தொகை ஒரு தடவை கண்சிமிட்டி
இரட்டிப்பானது.

இரண்டையும் தட்டினேன்.
ஓ.டி.பி. அப்பா போனுக்குப் போனது.
அப்பா 29சி-யில், டவுட்டன் தாண்டி,
விசிலும் சில்லறையுமாக.
நாலாவது ரிங்கில் எடுத்தார்.
"சொல்றேன் இரு. ஆறு... உள்ளே போம்மா... ஆறு, ரெண்டு...
சேத்துப்பட்டு எறங்கு... ரெண்டு, ஒன்பது...
யாருக்குய்யா பதினஞ்சு ரூபா?"
பதினைந்தை நானும் சேர்த்து அடித்துவிட்டேன்.
தவறு என்றது திரை.
மறுபடி கேட்பதற்குள் நேரம் முடிந்தது.
படிவம் முன்பக்கத்துக்குத் திரும்பியது.
இரண்டு கட்டங்களும்
யாரும் தொடாதவை போல வெள்ளையாக.

"சர்வர் ஸ்லோ. திரும்பப் போடு" என்று
அண்ணன் யாருக்கோ ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.
மெஷின் வெளிச்சம்
என் முழங்கை மேல் ஒருமுறை போய் வந்தது.
பார்க்க யாரும் இல்லாத அந்த அரை நிமிடத்தில்
ஒரு கட்டத்தை மட்டும் தொட்டேன்.
ஷெரினிடம் என்ன சொல்வேன் என்று
அப்போது யோசிக்கவில்லை.
இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

இந்த முறை எண்கள் சுத்தமாக வந்தன.
ஜெமினி சிக்னலாம், வண்டி நின்றிருந்ததாம்.

ராத்திரி பத்தரைக்குப் பையைக் கழற்றி
அப்பா கேட்டது ஒன்றுதான்.
"எந்த மாசம்?"
"ஏப்ரல்."
"ஒண்ணுதானா?"
"ஒண்ணுதான்."
அப்பா கொஞ்ச நேரம் விரலில் படிந்த
டிக்கெட் மையைப் பார்த்தார்.
"அப்ப இப்பவே டிப்போவுல லீவு சொல்லி வைக்கணும்.
சென்டரு எங்க போட்டுத் தொலைப்பானோ."

காலண்டரைத் தேடினார்.
புது வருஷத்துக்கு இன்னும் யாரும் தரவில்லை.
டிசம்பர் தாளைத் தூக்கி,
பின்னாலிருந்த வெறும் அட்டையில்
பேனா சரியாக எழுதாமல் இரண்டு தடவை கீறி
எழுதினார்:
ஏப்ரல். பாப்பா.
தேதிக்கு இடம் விட்டிருந்தார்.