பன்னிரண்டரை சென்ரிமீற்றர்

புர்க்டோர்ஃப் பையன் ஒருவன்
அழகுக்காகச் சுருள்வில்லை மாற்றித்
தரைக்குக் கிட்ட இறக்கி வைத்திருந்த கார்.
பத்திரம் எல்லாம் சரி. விலையும் சரி.
வாங்கும்போது நான் குனிந்து பார்க்கவில்லை.
யார்தான் பார்ப்பார் ஒரு காரின் வயிற்றை.

எக்கிவில்லுக்கு மேலே
தார் முடிகிற இடத்தில் அது பேசத் தொடங்கியது.
ட்ராக்டர் சில்லுகள் தோண்டிய இரண்டு பள்ளம்,
நடுவே புல் முளைத்த முதுகு.
முதலில் புல்லின் கிசுகிசு,
பிறகு மண்ணின் உரசல்,
பிறகு, சோற்றில் கடிபட்டது போல,
கல்.

ஒரு நாளைக்கு ஒன்பது வீடு எனக்கு.
இன்சுலின், இறுக்கக் காலுறை, புண்ணுக்குக் கட்டு.
கடைசி வீடு மேலே, ஹன்ஸ்யூர்க் ரோத்லிஸ்பெர்கருடையது.
சத்தம் கேட்டே கதவைத் திறந்துவிடுவார்.
"இன்றைக்கும் என் பாதையை உழுதீர்களா?"

உழுதேன். மூன்று மாதம் உழுதுதான் பிடிபட்டது:
பள்ளத்துக்குள்ளேயே போகிறவள் தட்டுவாள்.
ஒரு பக்கச் சில்லை முதுகில் ஏற்று,
மறுபக்கத்தை வேலியோரம் விடு.
சாய்ந்து போ.
நேராகப் போவது
உயரமான வண்டிக்காரரின் வசதி.

பின்னால் இருபது கிலோ அரிசி மூட்டை கிடந்தால்
கார் ஒரு விரல் இறங்கும்.
இளங்குமரன் ஏறினால் இரண்டு விரல்.
(அவரிடம் இதைச் சொன்னதில்லை.)
தை மாதத்தில் அமுங்கிய பனி
வயிற்றை ஏந்திப் பிடித்துக்கொள்ள
நான்கு சில்லும் சும்மா சுழன்றன.
அரை மணி நேரம்
மலையின் உள்ளங்கையில் இருந்தேன்,
இன்சுலின் பெட்டி மடியில்.

கராஜில் ஷ்டெஃபான் அளவுகோலை நிறுத்திப் பார்த்தான்.
பன்னிரண்டரை.
"இந்த மலைக்கு இருபதாவது வேண்டும். விற்றுவிடுங்கள்."
இருபது உள்ள ஒன்றின் விலையும் சொன்னான்.
நன்றி சொல்லிவிட்டு
பழைய உயரத்திலேயே வீட்டுக்கு வந்தேன்.

மே மாதம். இரவு எட்டரை, இன்னும் வெளிச்சம்.
வளைவு திரும்பியதும் நடுமுதுகில், புல் குட்டையான இடத்தில்,
பழுப்பாக ஒரு கல்.
இந்த இடத்தில் கல் இல்லையே என்று
எனக்கு முன்னால் என் கைகளுக்குத் தெரிந்தது.
பழக்கத்தில் சில்லை முதுகில் ஏற்றப் போன கைகள்.
கல்லுக்குக் காது இருந்தது.
முதுகோடு ஒட்டிய காது.

பிரேக் பிடிக்கத் தூரமில்லை.
திருப்பினேன், பள்ளத்துக்குள்,
எதைத் தவிர்க்க மூன்று மாதம் படித்தேனோ
அதற்குள்ளேயே, இரண்டு சில்லையும்.
நேராக.

கிசுகிசு.
கிசுகிசு.
உரசல் வருமா என்று
என் அடிவயிறு இறுகிப் போயிற்று.
பத்து மீற்றர் தள்ளி, வழக்கமான கல் கடித்தது.
கார் நின்றது.

இறங்கி, வேலை உடுப்போடு
ஈரத்தில் குப்புறப் படுத்தேன்.
முதல் தடவையாகப் பார்த்தேன் அந்த வயிற்றை:
வெள்ளி வெள்ளியாய்க் கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்று,
மடிப்பில் போன கோடையின் காய்ந்த புல்,
ஒரு நெளிந்த தகடு.
எண்ணெய் ஒழுகவில்லை.

அதற்கப்பால், இரண்டு பின்சில்லுக்கு நடுவால் தெரிந்த பாதையில்,
முயல்குட்டி அப்படியே இருந்தது,
தன்னைத் தானே தரையோடு தேய்த்து வைத்தது போல.
ஒரு கண் மட்டும் மேலே.
நானும் அசையவில்லை.
இரண்டு பேரும் ஒரே உயரத்தில் கிடந்தோம்.
பிறகு அது இல்லை. புல் மட்டும் ஆடியது.

"விழுந்தீர்களா?" என்றார் ரோத்லிஸ்பெர்கர்,
என் நெஞ்சிலிருந்த மண்ணைப் பார்த்து.
இல்லை என்றேன்.
கட்டை அவிழ்த்தேன். புண் ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு முயல்குட்டி படுத்தால் எத்தனை சென்ரிமீற்றர்
என்று எனக்குத் தெரியாது.
ஷ்டெஃபானுக்கும் தெரிந்திருக்காது.
அன்று புதன்கிழமை.
அரிசி நான் வெள்ளியில்தான் வாங்குவேன்.