தலைப்பெழுத்து

ஆட்ட அட்டையில் அவர் எஸ். ஆர். ஓக்லி.
எழுத்து முன்னால் வந்தால் கனவான்.
கூலிக்குப் பந்து வீசுகிறவனுக்கு அது பின்னால்,
சட்டைக்கு வெளியே தொங்கும் நூலைப் போல:
பார்ஜெட்டர், ஜே.

ஒரே அணி, இரண்டு வாசல்.
ஓக்லி பெவிலியனின் நடுப்படியில் இறங்குவார்.
பார்ஜெட்டர் உருளைக் கொட்டகையை ஒட்டிப்
புல்லைச் சுற்றிக்கொண்டு வருவான்.
நடுவில் சந்திப்பார்கள்.
மழை வருமா என்று பேசிக்கொள்வார்கள்.

செப்டிமஸ் என்றால் ஏழாமவன்.
பெயர் தேடும் பொறுமை
ஆறோடு தீர்ந்துவிட்டது பாதிரியாருக்கு.
ஏழாவதற்குப் பொறுமையே மிஞ்சவில்லை.

ஞாயிறு தவிர எல்லா மாலையும் டென்னிஸ்.
புல்வெட்டி இழுக்கும் குதிரைக்குத்
தோல் செருப்பு மாட்டுவார்கள்,
தரையில் குளம்பு பதியக் கூடாதாம்.
ஓக்லி எந்தப் பந்துக்கும் வலையை நோக்கி ஓடுவார்.
அக்கா யூஃபீமியா
திமிங்கில எலும்புக் கச்சைக்குள் ஓட முடியாதவள்,
நின்ற இடத்திலிருந்தே
அவர் தலைக்கு மேல் தூக்கிப் போடுவாள்.
பியானோ மூடியின் உட்புறம் பென்சில் கணக்கு:
அவள் பதினொன்று, அவர் நான்கு.
எண்பத்து மூன்றில் மாவட்டப் பரிசு அவருக்கு.
அவளை யாரும் ஆட அழைக்கவில்லை.
பரிசு, ஒரு வெள்ளி மைக்கூடு.
கனவானுக்குக் காசு தொட்டால் தீட்டு,
வெள்ளி தொட்டால் இல்லை.

எண்பத்தாறு, ஆகஸ்ட்.
பார்ஜெட்டருக்கு உதவி ஆட்டம்.
பதினெட்டு வருடம் தேய்ந்த தோளுக்கு
மூன்று நாள் வாசல் வசூல்.
முதல் நாள் தூறல், இருநூறு குடை.
இரண்டாம் நாள் மதியத்துக்குள்
ஐந்து விக்கெட் போயிற்று.
தேநீருக்குள் தோற்றுவிடலாம்.
ஆனால் கம்பள ஆலைக்காரர்கள்
சனிக்கிழமை மதியச் சங்கு ஊதினால்தான் வருவார்கள்,
ஆளுக்கு ஆறு பென்ஸோடு.

ஓக்லி இறங்கினார்.
மட்டையை ஊன்றினார்.
விட்டார். தடுத்தார். விட்டார்.
விளாச வேண்டிய பந்தைக்
குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் தட்டிக் கொடுத்தார்.
ஆரஞ்சுத் தோல் பறந்து வந்தது.
ஒருவன் நாய்போல் குரைத்தான்.
காலைப் பத்திரிகை எழுதியது:
திரு. ஓக்லி ஆடவில்லை, குடியிருந்தார்.

யூஃபீமியா மட்டும் செய்தியை இரண்டு முறை படித்தாள்.
தொப்பியை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

சனி, இரண்டு மணி. சங்கு.
கடைசி ஆளாகப் பார்ஜெட்டரே எதிர் முனையில்.
கயிறுக்கு வெளியே பஞ்சுத்தூசி படிந்த தலைகள்
நான்கு வரிசை, ஐந்து, பிறகு சுவர்மேலும்.
ஓக்லி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
இன்னும் கொஞ்சம் நின்றார்.
மூன்றரைக்கு, ஒன்றுமில்லாத ஒரு பந்தை
வானத்துக்கு அனுப்பிக் கேட்ச் கொடுத்தார்.
ஏழு மணி நேரம், நாற்பத்தொரு ரன்.
நடுவில் சந்தித்தார்கள்.
மழை வராது, என்றான் பார்ஜெட்டர்.

அப்புறம் அவர் ஷ்ரூஸ்பரியில் காப்பீட்டு அலுவலகத்தில்
பிறருடைய தீ விபத்துகளைக் கூட்டிக் கழித்தார்.
மைக்கூட்டை எப்போதோ விற்றிருந்தார்.
முழங்கால் வீங்கியது.
வலைக்கு ஓடுவது நின்றது; ஒருவழியாக
அக்காவை இரண்டு முறை ஜெயித்தார்.

வசூலில் பார்ஜெட்டர் மதுக்கடை வைத்தான்.
பீப்பாய்களுக்கு மேல் அந்த ஆட்ட அட்டை, சட்டமிட்டு.
அதில் ஒரு பெயரின் முன்னெழுத்துகளை மையால் அடித்து
அவனே பின்னால் எழுதியிருந்தான்:
ஓக்லி, எஸ். ஆர்.

ஒரு குளிர்கால மாலை அவர் உள்ளே வந்தார்.
அண்ணாந்து படித்தார்.
ஒரு பியர் கேட்டார்.
பார்ஜெட்டர் நுரை வழிய ஊற்றிக் கொடுத்து
காசை எண்ணி வாங்கிக்கொண்டான்.