மேசை நான்கு

ஹோமா பே கிளையில், மேசை நான்கில்,
அபொண்டியின் விண்ணப்பத்தைத் தள்ளியவன் நான்தான்.
சூரியத் தகடு இருபது, மின்கலம் ஆறு,
உறைபெட்டி ஒன்று, ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை.
மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கப்போகிறேன் என்றாள்.
கூட்டிப் பார்த்தேன். வகுத்துப் பார்த்தேன்.
ஒன்பது வருடம் விற்றாலும் தகட்டுக் காசு தேறாது.
"விலை இறங்கும்" என்றாள்.
"இறங்கும்போது வாருங்கள்" என்றேன்,
பேனாவை மூடியபடி.
அந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

இறங்கியது.
படி பார்த்து இறங்கும் மனிதரைப் போல அல்ல,
கைப்பிடிச் சுவரில் சறுக்கி வரும்
பள்ளிக்கூடப் பையனைப் போல.
மொம்பாசாத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்து
கிசுமு சந்தையில்
தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில்
தகடுகளைச் சாய்த்து வைத்துக் கூவி விற்றார்கள்.
அவள் என்னிடம் வரவில்லை.
இரண்டு மாட்டை விற்றாள். தங்கை புருஷனிடம் கைமாற்று.
வெயிலைக் கட்டியாக்கி
கிலோ முப்பது ஷில்லிங்.

தரகன் ஒகுட்டு கேட்ட விலைக்கு,
மீன் கெட்டுவிடுமே என்று
தலையாட்டிப் பழகிய பெண்கள்
"நாளைக்கு வா" என்று அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.
ஒரு நாள் பொறுத்திருக்கும் திராணி,
அதைத்தான் கிலோக் கணக்கில் விற்றிருக்கிறாள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

விலை அதோடு நிற்கவில்லை.
அவளை உள்ளே விட்ட கதவு
அவளுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளவும் இல்லை.
கரையில் இப்போது பதினோரு கொட்டகை.
ஒகுட்டுவுக்கும் ஒன்று.
கிலோ எட்டு ஷில்லிங், பேரம் பேசினால் ஏழு.

இங்கேயும் அதே கதை.
கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று
தேநீர் ஆறுவதற்குள் கைபேசியே சொல்லிவிடுகிறது.
ஒரு விண்ணப்பத்துக்கு அரை ஷில்லிங்கூட ஆகாதாம்.
மேசை நான்கில் ஒரு பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள்.
மலிந்தால் சந்தைக்கு வரும் என்பார்கள்.
வந்தேன்,
சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு,
செதில் ஒட்டிய அவள் கொட்டகைக்கு.

"ஐஸில் இனி காசு இல்லை" என்றாள், வருத்தமில்லாமல்.
பதினோரு கொட்டகை மீனையும் சேர்த்து
நைரோபி ஓட்டல்களுக்கு அனுப்புகிறாளாம்.
யார் சொன்ன எடைக்கு மீன் வைப்பார்,
யார் அடியில் ஐஸை நிரப்பி நிறுப்பார்,
ஆளைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.
இருபது வருடம் நான் பார்த்த வேலை அதுதானே.
சம்பளம் கேட்டாள். சொன்னேன்.
அட்டையின் பின்புறத்தில் எழுதி
கூட்டினாள், வகுத்தாள்,
பேனாவை மூடினாள்.
"இறங்கும்போது வாருங்கள்."

சிரிப்பு இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.
ஒரு மீனை ஐஸோடு பையில் போட்டுக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.
பேருந்தில் முழங்கால்மேல் அது சொட்டச் சொட்ட
எவ்வளவு இறங்கலாம் என்று
வழி நெடுகப் போட்டுப் பார்த்தேன்.
அவள் கணக்கிலும் பிழை இல்லை.