ஏழு கட்டு

விச்சூர் தாண்டி, டேங்கர் லாரிகள் திரும்பும் முனையில்
ஒரு நீலக் கேட். பலகையில் பெயர் பாதி உரிந்திருக்கும்.
உள்ளே இரண்டரை ஏக்கர், பதினெட்டுப் பேர், ஓர் எருமை.
என் மகன் மணவாளனுக்கு அங்கேதான்
முப்பத்தாறு முடிந்தது.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
'என்னென்ன செய்வார்?'
பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
சாப்பிடுவான். தட்டினால் கதவைத் திறப்பான்.
ஏழு வரை எண்ணுவான்.
எழுதிய பிறகு
கடைசி வரியை அடித்துவிடலாமா என்றிருந்தது.

எட்டு அவனுக்கு வரவே இல்லை.
டாக்டர், டீச்சர், நான், தண்டையார்பேட்டை ஸ்கூலின் மணிச்சட்டம்
எல்லாரும் தள்ளிப் பார்த்தோம்.
டோல்கேட்டில் திரும்பும் பஸ் மாதிரி
ஏழில் வளைந்து ஒன்றுக்கே வந்துவிடுவான்.
நானோ ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
ஐம்பது கிராம் குறைந்தால் தெருவே வந்து நிற்கும்.

அங்கே கீரை கட்டுகிறான்.
அரைக்கீரை, சிறுகீரை, சில மாதம் புளிச்சக்கீரை.
விடியும்போதே இலையில் சாம்பல் படிந்திருக்கும்,
அத்திப்பட்டுப் பக்கத்துக் காற்று.
பில்கீஸ் தொட்டியில் மூன்று முறை அலசுவாள்,
நான்காவது முறை தன் வளையல்களை.
பூவாளி கோபுவுடையது. அவன் பேசமாட்டான்.
வேறு யாராவது அதைத் தூக்கினால்
அன்றைக்கு ஒருத்தருக்கும் தண்ணீர் கிடையாது,
எருமைக்குக்கூட.
ரிபைனரியின் நெருப்பு தெரியும் திசையைப் பார்த்து
'அடுப்ப அணை' என்று கத்துவான் என் பிள்ளை.
யாரும் அணைத்ததில்லை.
அவனும் விட்டதில்லை.

முதல் மாதம் மூலக்கடை மார்க்கெட்டிலிருந்து
அஞ்சலத்தின் போன்:
'இன்னா கணக்குமா இது, ஏழு ஏழா வருது,
எனுக்குத் தலைய சுத்துது. பத்தா அனுப்பு.'
ரோஸலின் சிஸ்டர் பத்தாக அடுக்கினார்.
அவன் பிரித்தான்.
மறுபடி அடுக்கினார். பிரித்தான்.
மூன்றாம் நாள் வாடிய கீரையை எருமை தின்றது.
நான்காம் நாள் ஏழாகவே போனது.
'ஒரு ஏழு' என்று அட்டையில் எழுதி, கீழே விலையும் போட்டு
அஞ்சலம் தொங்கவிட்டாளாம்.
இப்போது பக்கத்துக் கொத்தமல்லிக்காரரும்
'ரெண்டு ஏழு போடவா?' என்கிறாராம்.
அவனிடம் சொன்னேன்.
'நூல் தீந்துடுச்சு' என்றான்.

ஒரு டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது.
மதிலில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு,
பாத்திகள் இருந்த இடத்தில் பளபளப்பு.
பத்து நாள் வீட்டில் வைத்திருந்தேன்.
வெறுங்கையால் காற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.
கறிவேப்பிலை கொடுத்தேன், கட்டினான்.
அது தீர்ந்ததும் துடைப்பக்குச்சி கொடுத்தேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தான்,
எடை குறைத்தவளைப் பார்ப்பதுபோல.

மாதக் கடைசியில் அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நிற்போம்.
முட்டிவலி, கேஸ் விலை எல்லாம் பேசுவோம்.
'எனக்கப்புறம்' என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும்
எல்லாரும் ரோட்டை எட்டிப் பார்ப்போம்,
பஸ் வருகிறதா என்று.

போன ஞாயிறு சாயங்காலம் கூப்பிட்டேன்.
சாப்ட்டியாடா? சாப்ட்டேன்.
தூங்குனியா? தூங்குனேன்.
அம்மா வரட்டா?
அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம்.
பில்கீஸ் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
'வேல இருக்குமா.'
வைத்துவிட்டான்.

திருவொற்றியூர் ஹைரோட்டில், லாரிகளுக்கு ஓரமாக,
பேச்சு நின்ற போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.
முதலில் கோபம்தான் வந்தது.
முப்பத்தாறு வருடத்தில்
அவன் என்னை அனுப்பிவைத்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து ஒருத்திக்கு அரிசி எடுத்தேன்.
ஆழாக்கைத் தேடவில்லை,
கையால் அள்ளினேன்.