இடப்பக்கம் இரண்டாவது

கல்யாண ஆல்பம் வந்தது.
எல்லாப் பக்கத்திலும் மகள். கடைசியில் ஒன்றில் மட்டும்
நானும் சாலம்மாவும், பந்தல் கால் ஓரமாக.
யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும்,
வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள்.
இரண்டு கையிலும் தாம்பூலப் பை.
மூடிக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை.

பல்லெல்லாம் வெள்ளை.
தேர்தலுக்குச் சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடச் சுவர் மாதிரி.

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு
பல் அப்படி இருக்காது.
எனக்கும்தான். நான் ஆம்பளை, சிரித்துக்கொண்டே திரிந்தேன்.
அவள் முந்தானைக்குள் சிரித்தாள்
முப்பத்தோரு வருஷம்.
ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாய்க்கு வந்தபோது
மகளுக்கே பல் முளைத்து முடிந்திருந்தது.

மறுநாள் பென்னாகரம் பஸ் ஏறினேன்.
ஸ்டுடியோப் பையன் சொன்னான்:
"எல்லாருக்கும் செய்யறதுதாண்ணே, இதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல."
பழசைக் கொடு என்றேன்.
அழித்துவிட்டானாம்.
அப்போ திருப்பி வரை.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன்.
மேல்வரிசை, இடப்பக்கம் இரண்டாவது:
குறுக்கே ஒரு கோடு, புளியங்கொட்டை நிறம்.
அடுத்தது பாதி சாக்பீஸ், பாதி துரு.
நடுப்பல் இரண்டிலும் நுனியில் மட்டும்,
டீ சிந்திய துணி காய்ந்தால் ஓரத்தில் நிற்குமே, அது.
வலப்பக்கக் கோரைப்பல்லில் ஒரு சில்லு இருக்காது.
கரும்பு கடித்தது. பொங்கல். மகள் வயிற்றில் ஆறு மாசம்.

சொல்லச் சொல்ல எனக்கே திகைப்பு.
அவள் காட்டியதே இல்லையே, எப்போது பார்த்தேன்?
வாய் திறந்து தூங்கும்போதா,
அவள் அம்மாவைத் தூக்கிய அன்றைக்கு அலறினாளே, அப்போதா,
என்னைத் திட்டும்போதா?
திட்டும்போது மட்டும் அவள் வாயை மூடியதில்லை.

பையன் மௌஸை நகர்த்தி நகர்த்தி
ஒவ்வொன்றாக அழுக்காக்கினான்.
"இன்னும் கொஞ்சம் கறுப்பாண்ணே?"
"போதும் கண்ணு. அவளேதான்."

பெருமையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
களி கிண்டிக்கொண்டிருந்தவள்
கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.
அடுப்பு அணைகிற வரைக்கும் பார்த்தாள்.
பிறகு,
"ஒரு போட்டோவுலயாவது நல்லா இருந்தேன்.
அது ஒனக்குப் பொறுக்கல."

அன்று இராத்திரி களி தொண்டையில் இறங்கவில்லை.
உள்ளபடியே உன்னைப் பிடிக்கும்
என்று சொல்லத்தான் போனேன்.
உள்ளபடி இருந்தவள் அவள்.
சந்தையிலும் விசேஷத்திலும் பள்ளிக்கூடக் கூட்டத்திலும்
அதைச் சுமந்தவள் அவள்.
பிடித்தது மட்டும்தான் நான்.

மறுபடி பென்னாகரம்.
வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன்.
பையன் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பையன்.
கூடத்தில் ஆணி அடிக்கும்போது
"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.
அந்த வாரம் பேசியது அவ்வளவுதான்.

மற்றதைக் கிழிக்க மனசு வரவில்லை.
மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.
மும்முனை கரண்டுக்காக உட்கார்ந்திருக்கிற ராத்திரிகளில்
டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
காட்டுவதற்கு இல்லை. சும்மா.

தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வாரம்
பறிக்கலாமா, மாட்டை விட்டு மேய்க்கலாமா
என்று கேட்க அவளே அங்கே வந்தாள்.
கண்ணில் பட்டுவிட்டது.
எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.
நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓடாத மோட்டாரை.

நாக்கை உள்ளுக்குள் ஓட்டி
தன் பல்லை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு,
"கீழ்வரிசையில ஒண்ண விட்டுட்ட" என்றாள்.

"எது?"

வாயைத் திறந்து
விரல் வைத்துக் காட்டினாள்.

தக்காளியைப் பற்றி
அப்புறம்தான் பேசினோம்.