நாற்பத்தொன்றாவது பை

போன மாதக் கணக்கை இன்னும் முடிக்கவில்லை.
கமிட்டியில் கேட்கிறார்கள்.
சபைப் பொருளாளர் நான். சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு பைக்கு
அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒன்று,
எண்ணெய் அரை லிட்டர், புளி, வத்தல்,
மேலாக ஒரு சின்னப் புதிய ஏற்பாடு.
உப்பை நான்தான் அடித்தேன்,
வாலிநோக்கத்துப் பக்கம் உப்பு கொண்டுபோவானேன் என்று.
பாக்கெட் பதினெட்டு, நாற்பது பைக்கு எழுநூற்றிருபது.
அந்த மிச்சத்தில் இன்னொரு பை கட்டினோம்.
எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயல்குடி தாண்டிக் கிழக்கே ஒடித்தால்
உடைமரம், பனை, உடைமரம்,
பிறகு கண்கூசும் வெள்ளையாக அளம்.
வேனை நிறுத்திவிட்டு
டிரைவர் சீனி இபுராம்சா சொன்னார்:
"இதுக்கு மேல தார் கிடையாதுக்கா."
ஐயர் சொன்னார்: "கர்த்தர் நடத்துவார், விடுங்க."
விட்டார்.
பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின.

ஒத்தப்பனைக் குடியிருப்பு கூப்பிடு தூரம்.
கூப்பிடத் தேவைப்படவில்லை.
சோழகம் அடிக்கிற ஆனி, கடல் கலங்கிக் கிடந்தது.
பாசிக்குப் போகாத பெண்கள்
சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு
வந்து சுற்றி நின்று சக்கரத்தைப் பார்த்தார்கள்.
"எறக்குனாத்தான் ஏறும்" என்றாள் ஒருத்தி.

என்னிடம் நிகழ்ச்சி நிரல் இருந்தது:
பாட்டு, சிறு செய்தி, டோக்கன்,
கையொப்பம், பேனர் முன்னால் படம்.
பேனர் மூட்டைகளுக்கு அடியில்.
மூட்டைகளோ போய்க்கொண்டிருந்தன
தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று,
இன்னும் ஜெபிக்காத அரிசி.

நின்று ஆளேவிக்கொண்டிருந்தவளிடம்
ஐயர் பெயர் கேட்டார்.
"நம்பு."
அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.
"அதைத்தானம்மா சொல்ல வந்திருக்கோம்!"
"நம்புநாயகி. ஆத்தா பேரு" என்றாள்
சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
"நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

ஐயர் பிடித்தார்.
பனை மட்டை வெட்டிப் போட்டார்கள்,
பழைய வலையைச் சுருட்டிப் போட்டார்கள்.
பேனரையும் போட்டோம். அதை நான் கமிட்டியில் சொல்லவில்லை.
ஒன்றரை மணி நேரம்.
ஏறியது.

அப்புறம் பட்டியலும் ஸ்டாம்ப் பேடுமாக உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு விரலிலும் சுற்றியிருந்த துணிக் கீற்றை
பல்லால் அவிழ்த்துவிட்டு நீட்டினார்கள்.
அமுக்கினால் ரேகை விழவில்லை.
கடலுக்கடியில் பாறையைத் தடவித் தடவி
மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்த விரல்கள்.
காகிதத்தில் ஊதா வட்டங்கள்,
யார் யாருடையதென்று ஆடிட்டர் கேட்டால்
நானென்ன சொல்ல?

நம்பு பெயர் பட்டியலில் இல்லை.
ரேஷன் கார்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டதாம்.
மிச்சமிருந்த பையை அவளிடம் கொடுத்தேன்.
வேதத்தை எடுத்து முந்தியில் முடிந்தாள்,
மற்றதைக் கிளறினாள்.
"உப்பு வைக்கலையாக்கா?"

நான் சிரித்தேன். கை நீட்டி
அந்த வெள்ளையைக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.
தெரியாதவர்களுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்:
"அது கம்பெனி அளம்க்கா.
ஒரு கை அள்ளுனா வாச்மேன் வருவான்.
நாங்க சாயல்குடில பாக்கெட்டுதான் வாங்குறது."

திரும்பும்போது வேனில் பாட்டுப் பாடினார்கள்.
ஐயர் சட்டை முதுகெல்லாம் சேறு,
தூங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது லெட்ஜர் திறந்திருக்கிறது.
வேன் வாடகை எழுதியாயிற்று, டீசல் எழுதியாயிற்று.
வேன் தூக்கியது, இருபத்தாறு பெண்கள்:
அதற்குத் தலைப்பு இல்லை.
"உப்பு" என்று நான் அடித்த வரி
அடித்தபடியே இருக்கிறது, கீழே எழுத்து தெரிகிறது.
எழுநூற்றிருபது.
வரவில் வைப்பதா, பற்றில் வைப்பதா
என்று பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.