ஒன்பதா, பத்தா

திசையன்விளை மண்டபத்தில் நடந்த ஏலத்தில்
பதினோராயிரத்துக்கு எடுத்தோம் அவனை.
மாசானமூர்த்தி, முனைஞ்சிப்பட்டி, வயது பதினைந்து,
இடதுகால்காரன், பூட் சைஸ் ஏழு.
நோட்டில் எழுதியது நான்தான்.
கூடுதாழை விடிவெள்ளிக் கழகம், பொருளாளர்.

அன்றைக்கு அவன் அடித்த ஒரு பந்து
கம்பத்துக்கு வெளியே போவதாகத் தொடங்கி
கடைசி நொடியில் மனசு மாறி
உள்ளே வந்தது.
அந்த வளைவுக்குத்தான் பதினோராயிரம்.
மீதி ஆள் பிறகு வரட்டும் என்றிருந்தோம்.

மீதி ஆள் வந்துகொண்டே இருக்கிறான்
இரண்டு வருஷமாக.

முதல் வருஷம் வளர்ந்தான். வேறொன்றும் செய்யவில்லை.
நேற்றிருந்த முழங்கால் இன்று வேறிடத்தில் இருந்தால்
பந்துக்கு எப்படித் தெரியும் எங்கே வருவதென்று?
உடன்குடி ஆட்டத்தில் தன் காலே தடுக்கி விழுந்தான்.
கூட்டம் சிரித்தது.
நானும் கொஞ்சம்.

இரண்டாம் வருஷம் பதினான்கு ஆட்டம், இரண்டு கோல்.
அதில் ஒன்று
நம்ம வலையில்.

கோயில் பின்னறையில் கமிட்டி கூடியது.
ரோமால்டு ஆரம்பித்தான்:
'பனைக்குப் பதினஞ்சு வருஷம் பொறுக்கலியா வே?'
கிளாட்வின் விடுவானா:
'வாழை பத்து மாசத்துல குலை தள்ளுதுல்லா?'
மரம் பேசி முடிய மணி பத்தரை.
மரத்துக்குப் பிளஸ் டூ பரீட்சை கிடையாது.
கடைசி பஸ் கிடையாது.
'இவம் தேறமாட்டாம்லே' என்று
மரத்தின் காதுபட யாரும் சொல்வதும் கிடையாது.

கிங்ஸ்டனைப் பதினெட்டாம் மாதம் விட்டோம்.
மறு தையில் இடையன்குடிச் சட்டை போட்டு வந்து
மூன்று அடித்தான்.
மூன்றாவதுக்குப் பிறகு ஓடவில்லை, கத்தவில்லை,
நான் நின்ற கோட்டுப் பக்கமாய்த் திரும்பி
சும்மா பார்த்தான்.

செல்லக்கனிக்கு நாலு வருஷம் கொடுத்தோம்.
இப்போது தண்ணி கேன் வண்டி ஓட்டுகிறான்.
ஆட்டத்தன்றைக்கு அஞ்சு கேன் இறக்கிவிட்டு
'வட்டி, அண்ணாச்சி' என்பான்.
தங்கமான பையன்.
தங்கமான பையன் எந்த இடத்தில் ஆடுவான், சொல்லுங்கள்.

கணக்கு எழுதுகிறவன் நான்.
ரெண்டு வரியை வைத்து மொத்தம் போட எனக்கு வராது.

ஒன்று மட்டும் அன்றைக்கு உறுத்தியது.
காத்திருக்கிறோம், காத்திருக்கிறோம் என்கிறோமே,
நமக்கு வலை இருக்கிறது, வள்ளம் இருக்கிறது,
கல்யாண வீடு, கருமாதி, சீட்டுப் பணம்.
இரண்டு பஸ் மாறி வந்து
எண்பதாம் நிமிஷம் வரை பெஞ்சில்
சாக்ஸை இழுத்து இழுத்து விடுகிறவன்
அவனல்லவா?

ஓட்டு நாலுக்கு நாலு.
என்னுடையது பாக்கி.
'முடிவு கிடக்கட்டும், பூட்டு கிழிஞ்சிட்டு அவனுக்கு,
முதல்ல அதை வாங்கும்' என்றார் தலைவர்.
விவரமான மனுஷன்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில்
காலை அளந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.
'ஒன்பது சரியா இருக்கும்.
பையன் இன்னும் வளருவானா?'
அவன் பூட்டைப் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'பத்து குடுங்க.'

அது ஸ்டெரினின் கையுறைக்கு எடுத்துவைத்த பணம்.
கோல்கீப்பர் கோபம் லேசுப்பட்டதா?
சனிக்கிழமை முழுக்க என்னோடு பேச்சில்லை,
பழைய உறையின் கிழிசலில் விரலை விட்டு
என் கண்ணெதிரே ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு, காற்றாடிகள் கிறுகிறுத்த சாயங்காலம்,
எழுபத்தெட்டாம் நிமிஷம் இறக்கினோம்.
பூட்டு முனையில் துணி திணித்திருந்தான்.
முதல் ஓட்டத்திலேயே தடுக்கி விழுந்தான்.
யாரோ விசிலடித்தார்கள்.
எழுந்தான், மண்ணைத் தட்டவில்லை,
கார்னர் கொடிப் பக்கம் போய்
பந்தை ரெண்டு தரம் நகர்த்தி வைத்தான்.

அடித்தான்.

கம்பத்துக்கு வெளியே
போவதாகத் தொடங்கியது.